ஒரு நிமிடம் இருபது நொடி

என் மகள் சாஃப்ட்பால் ஆடத் தொடங்கும்வரை அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ப் பக்கம் நான் படித்த பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு எறிபந்தும் கோகோவும்தான். ஹைதராபாத்தில் அவள் படித்த பள்ளியில் இதற்கென்று ஒரு கோச் இருந்தார். பந்தை இடுப்புக்குக் கீழே கையைச் சுழற்றி வீசுவார்கள். அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் மட்டை அடுத்த அணிக்குப் போகும். இரண்டு அணிகளும் ஒருமுறை மட்டை பிடித்து முடித்தால் அது ஓர் இன்னிங்ஸ். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அப்போது மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். கணவர் ஆன்சைட் வேலைக்கு வெளிநாடு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். திங்கட்கிழமை போனால் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்று பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. யாரும் யாரையும் பாராட்டாத நாட்கள் அவை. சனிக்கிழமை காலையில் கச்சிபௌலி மைதானத்துக்கு மகளைக் கூட்டிப் போய் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு மூச்சு விடும் நேரம்.

அந்த மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி மையம் நடத்திய ஒருவர், பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தப்போவதாக அறிவித்தார். நான் மென்பொருளில் இருப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். "மேடம், ஷெட்யூல் ஒண்ணு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். தெலுங்கும் ஹிந்தியும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுகிறவர்.

அன்று மாலையே உட்கார்ந்து போட்டேன். முதலில் எட்டு அணிகள். இரண்டு ஆடுகளங்கள். சனிக்கிழமை ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம். இரண்டிலும் ஜெயிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மேலே போவார்கள். யாருக்கும் அவசரமில்லாமல் ஏழு இன்னிங்ஸையும் ஆடி முடிக்கலாம். மறுநாள் அவர் ஃபோன் செய்தார். "சூப்பர் மேடம். ஆனா இன்னும் நாலு டீம் கேக்கறாங்க." பன்னிரண்டாக மாற்றினேன். அடுத்த வாரம் பதினாறு. ஒவ்வொரு அணியும் நுழைவுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே வரும், அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் மைதானம் ஒரு கம்பெனியின் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அணிகளைக் கூட்டலாம், பகலை நீட்ட முடியாது.

"அப்போ ஆட்டத்துக்கு நாப்பத்தஞ்சு நிமிஷம்தாங்க வருது" என்றேன்.

"போதும் மேடம். சின்னப் பொண்ணுங்கதானே."

விதியையும் நானே எழுதினேன். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் புதிய இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது. தொடங்கியதை முடித்துக்கொள்ளலாம். ஆட்ட மேஜையில் இருக்கும் கடிகாரமே இறுதி. அச்சடித்த தாளில் என் வாக்கியங்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. மேஜையில் ஒருவர் உட்கார வேண்டுமே என்று அவர் கேட்டபோது, நானே உட்காருகிறேன் என்றேன்.

எங்கள் அணியின் பெற்றோர் கட்டணத்தைப் பங்கு போட்டுக் கட்டினோம். அதற்கு மேல் போட்டியின் டீஷர்ட்டைக் கட்டாயம் வாங்க வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் தனி டிக்கெட். எங்களில் யாருக்கும் அது பெரிய தொகையில்லை, ஆனாலும் முணுமுணுப்பு இருந்தது. "இவ்வளவு கட்டி முக்கால் மணி நேரமா? ஞாயிற்றுக்கிழமையும் ஆடினால்தான் கட்டினதுக்கு ஈடு" என்றார் ஓர் அப்பா. அந்த முக்கால் மணி நேரம் யார் கணக்கு என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதல் ஆட்டத்தை என் மகளின் அணி எளிதாக ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் மெட்டுகுடாவிலிருந்து வந்த ரயில்வே குடியிருப்புப் பெண்களோடு. அவர்களும் முதல் ஆட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். இதில் ஜெயிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

டீஷர்ட் எல்லோருக்கும் ஒரே அளவில் எடுத்திருந்தார்கள். சிறிய பெண்களுக்கு முழங்கால் வரை தொங்கியது. கூட வந்த நான்கைந்து அம்மாக்கள் டிக்கெட் எடுக்காமல் கம்பி வேலிக்கு வெளியே நின்றே பார்த்தார்கள். அணியைக் கூட்டி வந்தவர் ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அந்தப் பெண்களிடம் தெலுங்கிலும் ஹிந்தியிலும் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு பெண் பந்தைத் தவறவிட்டபோது மட்டும் "அய்யோ கடவுளே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதில் தமிழ் தெரிந்தது.

எங்கள் பெண்களைவிட அவர்கள் நன்றாக ஆடினார்கள் என்று இப்போது சொல்ல முடியும். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸில் அவர்களுடைய இரண்டு தவறுகளால் எங்களுக்கு ஒரு ரன் கூடிவிட்டது. நான்காவது இன்னிங்ஸில் அவர்கள் மட்டை பிடித்து முடித்துவிட்டார்கள். எங்கள் முறை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஐந்து, அவர்கள் நான்கு. எங்களுக்கு இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆள் அவுட்டாகும்போது நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்காவிட்டால் இன்னொரு இன்னிங்ஸ் உண்டு, அவர்கள் மறுபடி மட்டை பிடிக்கலாம். ஆகிவிட்டிருந்தால் ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்தோம்.

எங்கள் கோச்சுக்கு இது தெரியும். "டைம் தீஸ்கோ, டைம் தீஸ்கோ" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார், நேரத்தை இழு என்று. மட்டை பிடித்த பெண்கள் ஒவ்வொரு பந்துக்கும் வெளியே வந்து ஷூ கயிற்றைக் கட்டினார்கள். ஒருத்தி ஹெல்மெட் சரியில்லை என்று மாற்றினாள். நடுவராக நின்ற கல்லூரிப் பெண் இரண்டு முறை எச்சரித்தாள். எதிர் அணிக்காரர் கையை விரித்தார். பெற்றோர் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவள் என் மகள். கோச் அவள் தோளைப் பிடித்து ஏதோ சொல்லி அனுப்பினார். மேஜையைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

"எவ்ளோ டைம் இருக்கு, மா?"

"ரெண்டு நிமிஷம் இருக்கு, கண்ணு."

போனாள். நேராகப் போய் நின்றாள். கயிற்றைக் கட்டவில்லை, மட்டையைத் தட்டவில்லை. முதல் பந்தையே முழு பலத்தோடு சுழற்றி அடித்தாள். பந்து நெட்டுக்குத்தாக மேலே போய் பந்து வீசிய அவர்களுடைய பிட்சரின் கையில் விழுந்தது. மூன்றாவது அவுட்.

மெட்டுகுடா பெண்கள் கூவிக்கொண்டே மட்டை எடுக்க ஓடி வந்தார்கள். எங்கள் கோச், என்ன சொல்லி அனுப்பினேன், அறிவிருக்கிறதா உனக்கு என்று எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் கத்தினார். முன்பு கட்டணம் பற்றிப் பேசிய அந்த அப்பா, "ஓ காட்" என்று நெற்றியில் கை வைத்தார். என் மகள் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

நடுவர் என் பக்கம் திரும்பினாள். "டைம்?"

கையிலிருந்த ஸ்டாப்வாட்ச் நாற்பத்து மூன்று நிமிடம் நாற்பது நொடி காட்டியது. ஒரு நிமிடம் இருபது நொடி மிச்சம். நான் பட்டனை அமுக்கி நிறுத்தினேன். பிறகு இன்னொரு பட்டனை அமுக்கிப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன்.

"டைம் ஓவர்" என்றேன்.

யோசித்துச் செய்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் யோசிக்காமல் ஒருவர் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவாரா? அந்த இரண்டாவது பட்டனை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் எந்தச் சமாதானத்துக்குள்ளும் அடக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் கூச்சல் எழுந்தது. கோச் ஓடி வந்து என் மகளின் முதுகில் தட்டி, "குட், குட்" என்றார். திட்டியதை அதற்குள் மறந்துவிட்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

மெட்டுகுடாக்காரர் மேஜைக்கு வந்தார். தன் கைக்கடிகாரத்தைக் காட்டி ஹிந்தியில், இன்னும் நேரம் இருக்கிறதே என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. நான் பதற்றத்தில், "இல்லீங்க, மேஜைக் கடிகாரந்தான் கணக்கு. ரூல்ஸ்ல போட்டிருக்கு பாருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் முகம் தளர்ந்தது. "நீங்க தமிழா? ஹவ், ஆமா, பேச்சுலயே தெரியுது. எங்க தாத்தா காலத்துல வேலூர் பக்கத்துல இருந்து வந்தது நாங்க." தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். "இது பழசும்மா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." பிறகு தன் பெண்களிடம் திரும்பி, மட்டைகளைப் பையில் போடச் சொன்னார். அவர்களில் ஒருத்தி அதற்குள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கோட்டருகே போய் நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டு வர இன்னொருத்தி போக வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கொத்தகுடா சிக்னலில் கார் நின்றபோது மகள் ஆரம்பித்தாள்.

"டூ மினிட்ஸ்னு சொன்னியே, மா."

"ஆமா."

"நான் ஃபர்ஸ்ட் பாலே அடிச்சேன்."

"கோச் உன்னைய எல்லாத்துக்கும் முன்னால திட்டுனாரல்ல, கண்ணு. தோத்திருந்தா உன்னையத்தான் சொல்லியிருப்பாங்க. அதான்..." என்றேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சேன்." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை, ஆங்கிலத்தில் சொன்னாள். ஷூ கட்டுவதெல்லாம் ஏமாற்று என்றும், ரன் வந்தால் வரட்டும், அவுட்டானால் அவர்கள் ஆடட்டும் என்று நினைத்ததாகவும் சொன்னாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குச் சீக்கிரமாகவே போய், போட்டி நடத்துபவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"மேடம், இப்போ அதெல்லாம் நக்கோ, வேணாம். அவங்க போயிட்டாங்க. ஒன்பது மணிக்கு செமிஃபைனல்."

"கூப்பிட்டுப் பாக்கலாமுங்க. அந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும்..."

"எப்போ ஆடுவாங்க? உங்க ஷெட்யூல்ல எங்க இடம் இருக்கு, நீங்களே சொல்லுங்க."

இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே மைதானத்தை விட வேண்டும், அரையிறுதியையும் இறுதியையும் ஐந்து நிமிட இடைவெளிகூட விடாமல் நெருக்கிப் போட்டிருந்தேன். அவர் மறுத்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு என்று. அரையிறுதியில் எங்கள் அணி ஏழு ரன் வித்தியாசத்தில் தோற்றது. என் மகள் ஆடினாள், ஒழுங்காகவே ஆடினாள். மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆபீஸில் ஒரு பிழையைக் கண்டால் அதைப் பதிவு செய்து, யாரால் வந்தது என்று எழுதுவதுதான் என் வேலை. எழுதும்போதெல்லாம் கை ஒரு கணம் நின்றது. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த மெட்டுகுடாவுக்கு வண்டியை ஓட்டினேன். அணிகளின் முகவரியை எல்லாம் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் புல் இல்லாத ஒரு மைதானம். நான் போனபோது பெண்கள் பந்து வீசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. ஒன்பது பேர் அவரவர் இடத்தில் நின்றார்கள். அவர் விசில் ஊதினார். ஒன்பது பேரும் உயிரைக் கொடுத்து ஓடி வந்து பெஞ்சைத் தொட்டார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தெட்டு செகண்ட். மறுபடியும்!" திரும்ப ஓடினார்கள். திரும்ப விசில்.

என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "அட, டைம் பாத்த அம்மா! வாங்க வாங்க." ஒரு பெண்ணை அனுப்பி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். இது என்ன பயிற்சி என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தோத்தது எங்க தப்புதாம்மா. சைடு மாறும்போது ஒவ்வொரு தடவையும் ஆடி அசைஞ்சு வந்தாளுங்க. அதுலயே ரெண்டு மூணு நிமிஷம் போயிருக்கும். மூணு வாரமா இதுதான் பிராக்டீஸ். திட்டித் திட்டி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு." வேலியோரம் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினார். "அதுதான் கேட்சர், மட்டைக்குப் பின்னால நின்னு பந்து பிடிக்கறது. காலுக்குப் போடற பேடைக் கழட்டி மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கும். அதை மாத்திட்டேன்."

நாற்காலி வந்தது, நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு நேரம் இருந்துதுங்க. ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருந்துது. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் முதலில் புரியாதவர் போலப் பார்த்தார். கைக்கடிகாரத்தைத் தொட்டார். "அப்போ இது சரியாத்தான் ஓடுச்சா?"

"சரியாத்தான் ஓடுச்சுங்க."

மைதானத்தில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போய்க் கேட்டு வாங்கித்தாம்மா அந்த என்ட்ரி ஃபீஸைக் கட்டுனேன். அதுகூடப் பரவாயில்ல. மூணு வாரமா இதுங்களை நான் என்னென்ன சொல்லியிருக்கேன் தெரியுமா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "என்கிட்ட சொல்லாதீங்க. இதுங்ககிட்ட சொல்லுங்க."

எல்லோரையும் கூப்பிட்டார். வேலியோரம் இருந்தவளும் வந்தாள். மூச்சு வாங்க அரைவட்டமாக நின்றார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். நேரம் இருந்தது, இல்லை என்று சொன்னது நான், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பிறகு அந்த கேட்சர் பெண் கேட்டாள். "கைக்கு, ஆன்ட்டி?"

ஏன் என்று கேட்டாள், அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற மாதிரிகூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. என் பெண்ணைத் திட்டினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே நின்றவளை மூன்று வாரமாகத் திட்டியிருந்தார்கள். "தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அவர் அவளிடம் தெலுங்கில், போய்ப் பேடை மாட்டு என்றார். இதுவரை அவள் கேட்காத மென்மையான குரலாக அது இருந்திருக்க வேண்டும், சட்டென்று அவள் கண் கலங்கிவிட்டது.

"நக்கோ, சார்" என்றாள். தன் செருப்பை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கமாக நடந்து போனாள். அவர் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெச்சிக்கொள்வாள் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கும் போல. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "என்னை ஏன் கூட்டிட்டுப் போகல?" என்றாள். பயிற்சி இருந்ததே என்றேன். உண்மை அதுவல்ல. அவர்கள் முன்னால் நான் நிற்பதை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து மெட்டுகுடாக்காரருக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள், மறுபடி கேட்சர்தான் என்றார். தானே அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டதாகவும் சொன்னார். அடுத்த வருஷம் போட்டிக்கு வருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இல்லம்மா. ரெண்டு பஸ் மாறி வந்து, அவ்வளவு கட்டி, முக்கால் மணி நேரம். கட்டுப்படியாகாது" என்றார். மரியாதையாகவே பேசினார். முதல் நாள் பேச்சில் இருந்த அந்த நெருக்கம் மட்டும் இல்லை.

அடுத்த வருஷம் போட்டி நடந்தது. ஷெட்யூல் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். போட்டி நடத்துபவருக்கு நான் தேவையும் இல்லை, பழைய கோப்பு அவரிடம் இருந்தது. அதிலேயே அணிகளைக் கூட்டி இருபத்துநான்காக்கி, ஆட்டத்தை முப்பது நிமிடமாகக் குறைத்துவிட்டார். விதிகள் என் வாக்கியங்களிலேயே இருந்தன. மெட்டுகுடா அணியின் பெயர் பட்டியலில் இல்லை.

என் மகளுக்கு ஆட வேண்டும். அந்த வயதுப் பெண்களுக்கு எங்கள் பக்கத்தில் வேறு போட்டி கிடையாது. எங்கள் பங்கு நுழைவுக் கட்டணத்தை எடுத்துக் கொடுத்தேன், வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் ஆட்டம் இரண்டு இன்னிங்ஸோடு முடிந்துவிட்டது. என் மகளுக்கு மட்டை பிடிக்கும் முறை வரவே இல்லை.